வரிசையில் வந்த மேசை

பொங்கலுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே ராமலிங்கத்திடமிருந்து ஆள் வந்துவிட்டது. இந்த வருஷமும் தவளக்குப்பத்துக்கு வரிசை எடுத்துப் போகத் தோதுப்படாது, வேலை அப்படி, சித்தி தப்பாக நினைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தான். அஞ்சலாட்சி தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. வந்த ஆளுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவளுக்குப் பிறந்தது இரண்டும் பெண். மூத்தவள் தனக்கொடியைத் தவளக்குப்பத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் நாராயணசாமி உயிரோடு இருந்தவரை வருஷம் தவறாமல் மகள் வீட்டுக்கு வரிசை கொண்டுபோவார். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே மில்லில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பொண்ணு வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிவார். திரும்பும்போது சம்பந்தி வீட்டில் மரியாதையாகக் கொடுத்த வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து வருவார். அவர் காலமானபின் அந்த முறை அண்ணன் தம்பிக்கு வரவேண்டும். அப்படி யாரும் இல்லாததால் பெரியப்பா மகன் ராமலிங்கத்தின் தலையில் விழுந்தது. ஒரு வருஷம் வேண்டாவெறுப்பாகக் கொண்டுபோனான். அதோடு சரி. தெருவில் மற்ற மருமகள்களுக்கெல்லாம் பிறந்த வீட்டுத் தட்டுகள் வந்து இறங்கியபோது தனக்கொடி மட்டும் மாட்டைக் கழுவப் போகிறேன் என்று கொல்லைப்பக்கம் போய்விட்டாள் என்ற செய்தி அஞ்சலாட்சி குடியிருந்த முதலியார்பேட்டை வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

இளையவள் ஜெயம் அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்திருந்தாள். முடியில் பஞ்சுத்தூசி அப்படியே இருந்தது. அப்பா வேலை பார்த்த அதே மில்லில், நூல் சுற்றும் பகுதியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியபின் வரப்போகிற நாலாவது பொங்கல். ஊரில் என்னென்னவோ மாறிவிட்டது; மில் சங்கு மட்டும் பழையபடியே ஊதிக்கொண்டிருந்தது. அம்மா விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை ஜெயம் செம்பில் தண்ணீர் எடுத்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் வரலன்னா போவுது. இந்த வருஷம் நான் எடுத்துக்கினு போறேன்" என்றாள்.

அஞ்சலாட்சிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அழுகை நின்றுவிட்டது. கல்யாணம் ஆகாத பெண் வரிசைத் தட்டை முன்னால் ஏந்திக்கொண்டு போனதை எந்த ஊரில் கண்டிருக்கிறாய், சம்பந்தி வீட்டில் சிரிக்க மாட்டார்களா, உன்னை நாளைக்கு யார் கட்டுவான் என்று கேட்டாள். 

"அப்பாவுக்குச் சோறு போட்ட மில்லுதான் எனக்கும் போடுது. அவரு செஞ்ச முறைய நான் செஞ்சா இன்னா கெட்டுப்போவுது?" என்றாள் ஜெயம்.

அத்துடன் அது முடிவாயிற்று. என்ன கொண்டுபோவது என்பதுதான் மிச்சம்.

மற்றவர்களுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. பானையும் கரும்பும் முறைக்கு. மேலே ஒரு பித்தளைப் பாத்திரம் வைத்தால் சபையில் எடுப்பாக இருக்கும். ஆனால் வாங்கிக்கொள்ளப் போகிறவள் தனக்கொடி. அவள் சமையல் மேல் உயிரை வைத்திருப்பவள். மற்றப் பெண்கள் நகைக்கடை வாசலில் நிற்பதுபோல அவள் மீன் கூடைக்காரி முன்னால் நிற்பாள். ஒரு கல்யாண வீட்டில் ஏதாவது புதுத் தினுசாகச் சாப்பிட்டுவிட்டால், அதில் என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று வழியெல்லாம் நாக்கால் தேடிக்கொண்டே வருவாள். மறுநாள் அதையே வீட்டில் செய்து இறக்கிவிடுவாள். பாவாடை கட்டிய வயசிலேயே அவள் வைத்த கருவாட்டுக் குழம்பை நாராயணசாமி மில்லுக்கு எடுத்துப்போனால், தூக்குச்சட்டியைத் திறந்ததும் நாலு பேர் தங்கள் சோற்றுருண்டையோடு பக்கத்தில் வந்து குந்திவிடுவார்கள். மகள் நெடுநெடுவென்று வளர்ந்தாள். இந்த உயரத்துக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவேன் என்று அஞ்சலாட்சி கவலைப்பட்டபோது, குழம்பை ஒரு வாய் தின்றால் எவனும் அண்ணாந்து பார்த்துக் கட்டிக்கொள்வான் என்றார் நாராயணசாமி. பெண் பார்க்க வந்த தெய்வசிகாமணி அண்ணாந்து பார்க்கவேண்டிய அளவுக்குக் குட்டையில்லை; ஆனால் சாப்பிட்டுவிட்டுத்தான் சம்மதம் சொன்னான்.

அப்படிப்பட்டவளுக்குக் கண்ணில் பட்டதை வாங்கிக் கொடுத்துவிட முடியாது. அடுத்த லீவு நாளில் ஜெயம் தவளக்குப்பத்துக்குப் புறப்பட்டாள். அக்காவின் அடுப்படியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒரு பார்வை பார்த்து வந்துவிடலாம் என்பது அவள் எண்ணம்.

போனபோது அடுப்படியில் தனக்கொடி இல்லை. மாமியார் செல்வாம்பாள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். தனக்கொடி கூடத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து கைக்குழந்தையை மடியில் போட்டிருந்தாள். இரண்டாவது பிரசவத்துக்குப்பின் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று ஜெயத்துக்குத் தெரியும். சரியாகிவிட்டது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். சரியாகவில்லை. நிற்கலாம், நடக்கலாம், குனிந்தால் மட்டும் உயிர் போய்விடும். அரிவாள்மணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். உள்ளூர் வைத்தியர் எண்ணெய் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நாள் குனியாமல் இருந்தால் தானே விடும் என்று இரண்டு இடத்திலும் சொன்னார்கள். செல்வாம்பாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மருமகளை அடுப்படி வாசற்படி தாண்ட விடுவதில்லை. கெட்ட மனசில் செய்ததல்ல, நன்றாகத்தான் தாங்கினாள்.

அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே எண்ணெய் காயும் வாசனை வந்தது. பிறகு வெந்தயம் பொரியும் வாசனை. பேசிக்கொண்டிருந்த தனக்கொடி பாதியில் நிறுத்தினாள். மூக்கு விடைத்தது. வெந்தயம் சிவந்து, இன்னும் சிவந்து, கருகப்போகிறது. அவள் கை தரையில் ஊன்றியது, இடுப்பு எழும்பவில்லை. அதற்குள் கருகிய வாசனை கூடம் முழுக்கப் பரவிவிட்டது. தனக்கொடி மெல்லத் தூணில் சாய்ந்துகொண்டு குழந்தையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். மாமியாரைக் குறை சொல்லவில்லை, வலிக்கிறது என்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போது அந்தக் குழம்பைத் தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது அத்தை என்றாள்.

மறுவாரம் பெரிய மார்க்கெட்டில் பாத்திரக் கடை பாத்திரக் கடையாக ஏறி இறங்கினாள். ஒரு கடைக்காரர் வெண்கலப் பானையைத் தட்டி ஓசை காட்டினார். நல்ல பானைதான், அக்கா அதைத் தூக்கினால் அன்றைக்கே படுக்கைதான் என்று ஜெயம் கீழே வைத்தாள். எவர்சில்வர் அடுக்கை எடுத்து முகம் பார்க்கச் சொன்னார். முகம் தெரிந்தது, ஆனால் அது பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டு விருந்தாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும், குழம்புக்கு ஆகாது. மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றைப் பம்பு அடித்து எரித்துக் காட்டினார். நீலமாக எரிந்தது. அதையும் தரையில் வைத்துத்தான் எரிக்கவேண்டும். அரிவாள்மணை, துருவுமணை, அம்மி, ஆட்டுக்கல் என்று கடையில் இருந்த ஒவ்வொன்றையும் மனசுக்குள் அக்காவின் கையில் கொடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் அக்கா குனியவேண்டியிருந்தது. என்னம்மா, எதுவுமே மனசுக்குப் பிடிக்கவில்லையா என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார். சாமானில் குறை இல்லை என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

அங்கிருந்து நேரே அம்மாவைக் கூப்பிடப் போனாள். அஞ்சலாட்சி துமா வீதியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்த்து வந்தாள். அந்த முசியேவும் அவர் மனைவி மதாமும் கொடி மாறியபின்னும் ஊரைவிட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்ட வயசானவர்கள். நோயேல் என்கிற கிறிஸ்துமஸ் பண்டிகை நெருங்கிவிட்டதால் வேலை அதிகம். அம்மா இன்னும் முடிக்கவில்லை. ஜெயம் குசினி வாசலில் நின்றாள். உள்ளே சமையல்காரி சின்னப்பாப்பா ஒரு மேசை முன்னால் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். ஜெயம் எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான். இதுவரை அது வெள்ளைக்காரர் வழக்கம் என்பதற்குமேல் ஒன்றும் தோன்றியதில்லை. இன்றைக்குச் சின்னப்பாப்பாவின் முதுகைப் பார்த்தாள். நேராக இருந்தது. அரிந்தாள், தள்ளினாள், இரண்டு எட்டு நடந்து அடுப்பைக் கிளறினாள், திரும்பி வந்தாள். ஒரு தடவைகூட முதுகு வளையவில்லை.

இடுப்பு வலிக்காதா அக்கா என்று ஜெயம் கேட்டாள். கால்தான் வலிக்கும், இடுப்புக்கு ஒன்றும் இல்லை, இந்த வீட்டில் சேர்ந்த புதிதில் நின்று சமைக்கக் கூச்சமாக இருந்தது, இப்போது தன் வீட்டில் குந்திச் சமைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது என்று சிரித்தாள் சின்னப்பாப்பா.

வீட்டுக்கு வந்ததும் ஜெயம், வரிசையில் மேசை வைக்கப்போகிறேன் என்றாள். அஞ்சலாட்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். பெண் வரிசை எடுத்துப் போவதே ஒரு புதுமை. அதில் மேசை வேறா? ஊரில் எவள் வீட்டு அடுப்படியில் மேசை இருக்கிறது? பார்க்கிறவர்கள், பானை வாங்க வக்கில்லாமல் பலகையைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பார்கள். ஜெயம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பானையும் உண்டு, கரும்பும் உண்டு, முறைக்கு உள்ளதில் ஒன்றும் குறையாது என்றாள். வெந்தயம் கருகிய கதையையும் சொன்னாள். அதைக் கேட்டதும் அஞ்சலாட்சி தலையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, பூவரசு மரமாகப் பார்த்துச் செய்யச் சொல்லு, ஈரம் பட்டாலும் தாங்கும் என்றாள்.

கண்ணையன் ஆசாரியின் பட்டறை மில்லுக்குப் போகிற வழியில்தான் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. என்ன உயரம் வேண்டும் என்றார். அக்கா என்ன உயரம் என்று ஜெயம் கையைத் தூக்கிக் காட்டினாள். அது ஆள் உயரம், மேசை உயரம் ஆளின் முழங்கையைப் பார்த்து வைக்கவேண்டியது, ஆளைப் பார்க்காமல் செய்வது கஷ்டம் என்றார். முன்கூட்டித் தெரிந்தால் மாமியார் வீட்டில் தடுத்துவிடுவார்கள் என்று ஜெயம் சொன்னாள். ஆசாரி தாடையைச் சொறிந்தார்.

"காலை நெட்டையாவே வெச்சுச் செய்யறேன். நெட்டையா இருந்தா அறுத்துக்கலாம், குட்டையா போனா ஒட்ட முடியாது. ரம்பத்தோட நானே கூட வரேன். என் பொண்டாட்டி ஊரு அந்தப் பக்கம்தான்" என்றார்.

அரிவாள்மணை யோசனையும் பட்டறையிலேயே பிறந்தது. சின்னப்பாப்பாவுக்குக் கத்தி பழக்கம். தனக்கொடிக்குக் கத்தி பிடிக்க வராது. இரண்டு கையாலும் காயைப் பிடித்து அலகில் ஓட்டினால்தான் அவளுக்கு ஓடும். ஆகவே அலகையே மேசைமேல் ஏற்றிவிடுவது என்று ஜெயம் தீர்மானித்தாள். பக்கத்துக் கொல்லர் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு நல்ல அலகு அடித்துக் கொடுத்தார். அடியில் பட்டைத் தகடு வைத்து மேசை விளிம்பில் திருகாணியால் இறுக்கியபோது அது மலை போல நின்றது. ஜெயம் ஒரு வாழைக்காயைக் கொண்டுவந்து அரிந்து பார்த்தாள். கை அழுத்தவே தேவையிருக்கவில்லை. மேசைக்கு ஒரு பக்கம் இழுப்பறை. மறுபக்கம் கரண்டிகள் மாட்ட வரிசையாகக் கொக்கி. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பட்டறையில் நின்று பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். சிராய் தட்டினால் ஆசாரி மறுபடி இழைப்பார். இழைத்து இழைத்துக் கடைசியில் பலகை வெண்ணெய் மாதிரி ஆயிற்று.

மில்லில் விஷயம் பரவியது. சில ஆண்கள் கேலி செய்தார்கள். ஜெயம், மீசை எப்போது முளைக்கும் என்று ஒருத்தன் கேட்டான். ஆனால் கூட நூல் சுற்றும் வசந்தாவும் கமலாவும் தட்டுத் தூக்க நாங்கள் வருகிறோம் என்று தாங்களாகவே முன்வந்தார்கள். நூல் சுற்றிய இத்தனை கதிரைச் சுமக்கிற கைக்கு ஒரு தட்டு பாரமா என்றாள் வசந்தா.

போகியன்று காலை மாட்டுவண்டி கட்டிப் புறப்பட்டார்கள். அலகைக் கழற்றித் துணியில் சுற்றிவிட்டு, மேசையைக் கவிழ்த்து வண்டியில் வைத்து, மேலே தூக்கி நின்ற நாலு கால்களிலும் கரும்பைக் கட்டினார் ஆசாரி. நடுவில் மஞ்சள் கொத்தும் புதுப்பானையும். அரியாங்குப்பம் ஆற்றைக் கடந்து, நோணாங்குப்பத்துக் கழிமுகக் காற்றில் கரும்புத் தோகை படபடக்க வண்டி போனது. எதிரே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். தவளக்குப்பம் சந்தியில் எல்லோரும் இறங்கினார்கள். அஞ்சலாட்சி கடைசி நேரத்தில், நான் முன்னால் போகிறேன், நீ பின்னால் வா என்று மகளிடம் மெதுவாகச் சொன்னாள். ஜெயம் பானையும் புடவையும் வைத்த முதல் தட்டைத் தானே எடுத்துத் தோளுயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பின்னால் அஞ்சலாட்சி, வசந்தா, கமலா. அதற்கும் பின்னால் கரும்போடு மேசையைத் தலையில் தூக்கிய ஆசாரியும் வண்டிக்காரரும். போகி நாளில் சந்தியில் நல்ல கூட்டம். வரிசை யார் வீட்டுக்கு என்று ஒரு குரல் கேட்டது. தனக்கொடி வீட்டுக்கு என்று ஜெயமே உரக்கச் சொன்னாள். கூட வந்த ஆண்பிள்ளை யார் என்று ஒரு கிழவர் கேட்டார். "வரிசை எடுத்தாந்தது நான்தான். தங்கச்சி" என்றாள். அப்படிச் சொல்லும்போது தன் முதுகு எவ்வளவு நேராக இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது.

வாசலில் செல்வாம்பாள் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தாள். வரிசை வருகிறது என்று பிள்ளைகள் ஓடிவந்து சொல்லியிருந்தார்கள். பானையைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. மேசை வாசலில் இறங்கி, ஆசாரி அலகை மறுபடி திருகியதும் மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா சம்பந்தி, மேசையெல்லாம் வந்திருக்குது? என் மருமவ பள்ளிக்கூடம் நடத்தப் போறாளா?"

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அஞ்சலாட்சி தலை குனிந்தாள். ஜெயம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அக்கா நின்று சமைப்பதற்காகச் செய்தது என்று சொன்னாள். குனிந்தால்தானே வலி, நின்றால் இல்லையே என்றாள். செல்வாம்பாளுக்கு அது தன் வீட்டைச் சொன்ன குறையாகப் பட்டது. இந்த வீட்டில் பரம்பரையாகக் குந்தித்தான் சமைத்தார்கள், நின்று சமைத்தால் வீட்டில் லட்சுமி தங்குமா, மருமகளுக்கு ஒரு துரும்பு வேலை வைக்காமல் தான் தாங்கிக்கொண்டிருக்க, பிறந்த வீட்டில் வேலை செய்யச் சாமான் செய்து அனுப்பியிருக்கிறீர்களே என்று படபடத்தாள். அவள் குரலில் கோபத்தைவிட மனக்குறைதான் அதிகமாக இருந்தது.

"நீங்க தாங்குறது எனக்குத் தெரியும், அத்தை" என்றாள் ஜெயம். "கண்ணால பார்த்தேன். நான் குத்தம் சொல்ல வரல. ஆனா சமைக்கறது அக்காவுக்கு வேலை இல்ல. சும்மா உக்காந்திருக்கறதுதான் அவளுக்குப் பாரமா இருக்குது."

செல்வாம்பாள் வாயைத் திறந்தாள். அதற்குள் தனக்கொடி வெளியே வந்துவிட்டாள். குழந்தையைப் புருஷன் கையில் கொடுத்தாள். யாரையும் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். பலகையைத் தடவினாள், இழுப்பறையை இழுத்து மூடினாள், அலகை ஒரு விரலால் தொட்டாள். பிறகு முன்னால் நேராக நின்று, இல்லாத காயைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் அலகுக்கு எதிரே வைத்துப் பார்த்தாள். தோள் தூக்கிக்கொண்டது.

"ஒசரம் ஜாஸ்தி, ஆசாரி" என்றாள்.

எத்தனையோ மாதமாகக் கூடத்து மூலையில் கேட்ட மெல்லிய குரல் அல்ல அது. அடுப்படியில் நின்று, தண்ணி கொண்டா, விறகைத் தள்ளு என்று ஏவுகிற பழைய குரல். ஜெயம் அம்மாவைப் பார்த்தாள். அஞ்சலாட்சியின் தலை நிமிர்ந்திருந்தது. கண்ணையன் ஆசாரி தனக்கொடியின் முழங்கைக்குக் கீழே கணக்குப் பார்த்துக் காலில் கோடு கிழித்தார். தெய்வசிகாமணி குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வந்து மேசையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். ரம்பம் ஓடியது. நிறுத்தி வைத்தார்கள். தனக்கொடி நின்று பார்த்து, இன்னும் ஒரு விரற்கடை என்றாள். மறுபடி அறுத்தார்கள். மூன்றாம் தடவை நின்றபோது தோள் இறங்கியிருந்தது. வரிசைத் தட்டிலிருந்த பரங்கிக்காயில் ஒரு துண்டை எடுத்து அலகில் ஓட்டினாள். பத்தை பத்தையாக ஒரே அளவில் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களின் சிரிப்பு அதற்குள் அடங்கியிருந்தது. ஒருத்தி கிட்டே வந்து பலகையைத் தட்டிப் பார்த்தாள்.

செல்வாம்பாள் குழந்தையோடு உள்ளே போய்விட்டாள்.

அன்று பிற்பகல் தெய்வசிகாமணி மாட்டுக் கொட்டகை கட்டி மீந்த செங்கல்லை எடுத்துவந்து, அடுப்படியில் மேசை உயரத்துக்கு ஒரு மேடை எழுப்பினான். மண் பூசி, அடுப்பை அதன்மேல் தூக்கி வைத்தான். ஜெயம் சேறு குழைத்துக் கொடுத்தாள். இவளுக்கு ஏதாவது செய்யணும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது, என்ன செய்யறது என்றுதான் தெரியவில்லை என்று அவன் சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கடைசிக் கல்லை வைத்துவிட்டு, இதன் பக்கத்திலேயே அம்மிக்கும் ஒரு மேடை கட்டிவிடுகிறேன் என்றான்.

பொங்கலன்று தனக்கொடி அடுப்படியில் கால் வைத்தாள். வாசலில் பானை பொங்கியது. உள்ளே குழம்பு தயாரானது. மொச்சை, அவரை, பூசணி, சேனை, கருணை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய் என்று மேசை முழுக்கக் காய். நெட்டை உடம்பு நேராக நின்று அரிந்தது, இரண்டு எட்டில் அடுப்பு, திரும்பினால் மேசை. கால் கடுத்தபோது ஒரு பலகையில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டாள். ஜெயம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அதற்குமேல் செய்ய அக்கா விடவில்லை. செல்வாம்பாள் முதலில் தரையில் தன் பழைய அரிவாள்மணையோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குழம்பு கொதித்து வந்ததும் தனக்கொடி கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி ஆற்றி, மாமியாரை எழுந்து வரச் சொல்லி, அவள் உள்ளங்கையில் ஊற்றினாள். உப்பு பாருங்கள் அத்தை என்றாள். செல்வாம்பாள் நக்கிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் கையை நீட்டினாள். உப்பு சரியாயிருக்கிறதா இல்லையா என்று கடைசிவரை சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து ஜெயம் திரும்பிப் பார்த்தபோது, அந்தக் குட்டை மாமியார் மேசைக்கு மறுபக்கம் ஒரு மணைக்கட்டையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு உறவுக்காரர் கூட்டம் நிறைய. எல்லோரும் இரண்டாம் தரம் குழம்பு கேட்டார்கள். மேசையைப் பார்க்க அடுப்படிக்குள் எட்டிப் பார்த்த ஒரு பெண், நின்று சமைப்பது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டது ஜெயத்தின் காதில் விழுந்தது. பதில் சொன்னது செல்வாம்பாள்.

"எங்க வூட்டு வழக்கம்" என்றாள்.

காணும் பொங்கலன்று ஜெயம் ஊருக்குக் கிளம்பினாள். மறுநாள் ஷிப்டு இருந்தது. அஞ்சலாட்சியைப் பேரப்பிள்ளைகளுக்காக இன்னும் நாலு நாள் இருக்கச் சொல்லியிருந்தார்கள். புறப்படும் நேரத்தில் செல்வாம்பாள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், அதன்மேல் மடிப்புக் கலையாத கரை வேட்டியும் துண்டும் வைத்துக் கொண்டுவந்தாள். வரிசை கொண்டுவரும் சகோதரனுக்கு மரியாதை செய்து அனுப்புவது முறை. ராமலிங்கம் வராமல் போன வருஷம் அவனுக்கென்று எடுத்து வைத்தது இது என்றாள். அவனுக்காக இரண்டு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னாள்; அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"முறைக்கு வேட்டிதான். நீ கட்டுவியோ மாட்டியோ, எனக்குத் தெரியாது. வரிசை கொண்டாந்தவங்களுக்குக் கொடுக்கவேண்டியதை நான் கொடுக்கணும்" என்றாள்.

தெய்வசிகாமணி அம்மா கையிலிருந்து தட்டை வாங்கி, இரண்டு கையாலும் மைத்துனனிடம் கொடுப்பது போலவே கொடுத்தான். ஜெயம் குனிந்து வாங்கிக்கொண்டாள். அடுப்படி வாசலில் தனக்கொடி கரண்டியோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதோ தாளித்துக்கொண்டிருந்ததால் வெளியே வரமுடியவில்லை, போய்ட்டு வா என்று கரண்டியாலேயே கை காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

பஸ்ஸுக்கு நிற்க ஜெயம் சந்திக்கு நடந்தாள். கையில் துணிப்பை இருந்தது; வேட்டியையும் துண்டையும் அதற்குள் வைக்கவில்லை. அப்பா தவளக்குப்பத்திலிருந்து திரும்பி வருவதுபோலவே, மடிப்போடு தோளில் போட்டுக்கொண்டு போனாள்.